தட்டின் ஓரத்து மீன்

என் கணவருக்கு மூளையில் இரத்தம் கசிந்து ஏழு மாதம் ஆன பிறகும், வீட்டுக்கு வருகிற சனம் என்னைப் பார்த்துத்தான் கேட்கும்: "ஆள் இப்ப சாப்பிடுறாரா?" ஆள் அவர்களுக்கு முன்னால் கதிரையில்தான் இருப்பார். காதும் நன்றாகக் கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் பதில் சொல்வது நான்தான். "எங்க சாப்பிடுறார்? ரெண்டு வாயோட சரி."

வலது கை எழும்பவில்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி வரும். அதையெல்லாம் ஒருமாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டேன். சாப்பாடு வேண்டாம் என்கிற மனுசனை என்ன செய்வது? மீனைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். இந்த நோய் வருத்தம் வந்தவர்களுக்கு மனம் சோர்ந்துபோகும், ருசியும் குறையலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் அதையே பிடித்துக்கொண்டேன். "மீன் தின்னாட்டி உடம்பு எப்பிடித் தேறும்?" என்று பிசைந்து ஊட்டுவேன். வாயைத் திறந்து வாங்குவார், கண் கலங்கும். நானும் குசினிக்குள் போய் அழுவேன்.

அவர் பெரியகல்லாற்றில் பிறந்தவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்துக் கல்லடிக்கு, என் சீதன வீட்டுக்கு வந்தார். வீடு வளவு எல்லாம் என் பெயரில். சுவருக்கு என்ன நிறம் என்பதைக்கூட நான்தான் சொல்வேன். மீன் மட்டும் அவருடையது. விடியக் காலத்தால் மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் கேட்டதும் இறங்கிப் போவார். செவுளைத் தூக்கி, வயிற்றை அமுக்கிப் பார்த்து, விலைக்கு மல்லுக்கட்டி, நல்ல மணலை மீனோடுதான் திரும்புவார். இருபத்தெட்டு வருசத்தில் நான் ஒரு மீன் வாங்கியதில்லை.

வருத்தம் வந்த பிறகு அதையும் நான் எடுத்துக்கொண்டேன். மீன்காரர் தருவதை வாங்கி வருவேன். வாசலருகே கதிரையில் இருக்கிறவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார். "ஓம், ஓம், இப்ப சமைச்சிருவன்" என்று உள்ளே போய்விடுவேன். உப்புப் புளி பார்ப்பதுமில்லை. அவர் எழும்பி நடக்கும்வரை மீன், மச்சம் தொடமாட்டேன் என்று அம்மனுக்கு நேர்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை ஒருநாள் அவரிடம், "ஐயா, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றாள். "இடியப்பம்," என்றேன் நான். அடுத்த கேள்விக்கும் நான். மூன்றாவதில் அவள் சிரித்துக்கொண்டே, "டீச்சர், நான் ஐயாட்டக் கேட்டன். உங்களிட்டக் கேக்கல்ல," என்றாள். மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. முதலாம் வகுப்புப் பிள்ளை 'அ' சொல்ல நாட்கணக்கில் வாய் பார்த்துக் காத்திருந்தவள் நான். கட்டினவருக்கு ஒரு நிமிசம் கொடுக்கவில்லை.

மறுநாள் ஹோர்ன் கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"டீச்சர்! மணலை கிடக்கு!"

பேசாமல் நின்றேன். அவர் இடது கையால் பெட்டியைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். மீன்காரர் கதிரையடியில் வைத்தார். அவர் குனிந்து ஒரு மீனை எடுத்தார். வழுக்கி விழுந்தது. திரும்பவும் எடுத்தார். ஓடிப்போய்ப் பிடித்துக் கொடுக்கலாம் போல் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். பெருவிரலால் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"ப... பழசு."

"என்ன ஐயா, காலத்தால பிடிச்ச மீன்!"

"பழசு. நேத்தும்... முந்தியும்... பழசு."

மீன்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இத்தனை மாதமும் நான் பிசைந்து பிசைந்து ஊட்டியது பழைய மீன். அவர் தட்டின் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிச் சொன்னதை நான் வருத்தத்தின் கணக்கில் போட்டுவிட்டேன். பாவி நான், பாவி.

அன்று பருப்பும் சோறும்தான். ஊட்டவில்லை. இடது கையில் கரண்டி பிடித்து, சிந்திச் சிந்தித் தானே சாப்பிட்டார். தட்டு வெறுமையானதும் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. தண்ணியா என்று கேட்க வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது.

"இன்னும்... கொஞ்சம்... சோறு," என்றார்.