பேக்கி லில்லிஸின் ரேடியோவை வாய் திறக்க வைத்தவள்

டிம்ப்னா கன்சிடைன் தன்னைப் பற்றிச் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்டாலும், மிச்சமிருப்பதை வைத்து ஒரு குடும்பமே பெருமையாக வாழ்ந்துவிடலாம். இங்கிலாந்தில் பஸ் டிப்போவில் ஒயர் வேலை பார்த்த காலத்தில் ஒரு கிறிஸ்தவ ஆயரின் கார் ரேடியோவிலிருந்து இரைச்சலை எடுத்துக் கொடுத்தாளாம். எவ்வளவு சுத்தமாக எடுத்தாள் என்றால், செய்தி வாசிப்பவர் எச்சில் விழுங்கும் சத்தத்தைக் கேட்டே, வரப்போவது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று ஆயர் முன்கூட்டிச் சொல்லிவிடுவாராம்.

"ஆயர் வந்து சாட்சி சொல்வாரா?" என்று யாராவது கேட்டால், "செத்துப் போயிட்டாரு. இருந்திருந்தா இழுத்துட்டு வந்து நிறுத்தியிருப்பேன்" என்பாள்.

அம்மா படுக்கையில் விழுந்ததும் சொந்த ஊரான கில்மோராவுக்குத் திரும்பி வந்தாள். அம்மாவை அடக்கம் செய்த பிறகும் கப்பல் ஏறவில்லை. கடலைப் பார்த்தபடி சும்மா கிடந்த மீன் கொட்டகைக்கு வெள்ளையடித்து, 'கார் எலெக்ட்ரிக் வேலை' என்று பலகை எழுதி மாட்டினாள். பலகையைப் படிக்க ஊரே வந்தது. வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை. பங்குச்சாமியாரின் சைக்கிள் விளக்கு வந்தது. கன்னியர் மடத்து ரொட்டி சுடும் மிஷின் வந்தது. ஆம்பளைகளின் கார்கள் மட்டும் அவள் வாசலைத் தாண்டி, நேராக மோசி ஹெஹிரின் பெட்ரோல் பங்குக்குப் போயின. ரேடியோ எந்த வியாதியோடு வந்தாலும் மோசிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: பழசைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசை விற்பது.

அந்த வருஷம் ஹர்லிங் இறுதி ஆட்டத்துக்கு எங்கள் மாவட்டம் தேறியது. மட்டையும் சின்னப் பந்துமாக ஆளை ஆள் விரட்டும் அந்த ஆட்டத்தை இங்கே ஆட்டம் என்று யாரும் நினைப்பதில்லை. பூசைக்கு அடுத்தபடி அதுதான். அதிலும் கோல் காக்கப்போகிறவன் ஃபின்டன் லில்லிஸ், எங்கள் ஊர்ப் பையன். அவன் அப்பா பேக்கி லில்லிஸுக்கு டப்ளினில் நடக்கும் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைத்தது. ஆனால் ஊர் அவரைப் போக விடவில்லை. பேக்கி மைதானத்துக்குப் போன ஆட்டமெல்லாம் தோல்வி. வீட்டில் உட்கார்ந்து கேட்டாலும் தோல்வி. தன் சொந்தக் காருக்குள், கடற்கரையில், தொப்பியைக் கழற்றாமல் கேட்டபோதுதான் ஜெயித்திருக்கிறார்கள். எனவே அவர் அங்கேதான் உட்கார வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

அதில் ஒரு சங்கடம். அவர் கார் ரேடியோவில் மனிதக் குரலை விட வாணலியில் கொழுப்பு பொரியும் சத்தம்தான் அதிகம்.

முந்தின ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் இதுதான் பேச்சு. "புது ரேடியோ போடு பேக்கி, வேற வழியில்ல" என்றார் மோசி.

"மாத்தக் கூடாதுப்பா. போன ரெண்டு ஆட்டமும் இதுலதான கேட்டேன்! பாதி காதுல விழல, ஆனா ஜெயிச்சோம்ல."

"பழசே பேசும்" என்றாள் டிம்ப்னா, கூட்டத்துக்குள் புகுந்து. "என்கிட்ட விடுங்க. பந்துக்கு வேர்க்கிற சத்தம் உங்க காதுல விழும்."

"நீயா?" மோசி சிரித்தார். "ஏம்மா, ரொட்டி மிஷின் இல்ல இது."

"ரொட்டி மிஷின் கருகாம சுடுது. உங்க கிட்ட வந்த ரேடியோவெல்லாம் எங்க போச்சு? புதைச்சீங்களா?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு தலைக்கேறியதில் டிம்ப்னாவின் வாய் அவளை முந்திக்கொண்டு ஓடியது. "வர்ற ஞாயித்துக்கிழமை பேக்கி ரேடியோ தெளிவா பேசலேன்னா, பலகையைக் கழட்டிட்டு இங்கிலாந்துக்கே போறேன். போதுமா?"

"பூசைக்கு வந்த அத்தனை பேரும் கேட்டாச்சு" என்றார் மோசி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. இங்கிலாந்தில் அவளுக்கு இருந்தது ஈரம் படிந்த ஒரு வாடகை அறையும், அவள் பெயரைக் கடைசிவரை சரியாகச் சொல்லாத வீட்டுக்காரியும்தான். இங்கே கதவைத் திறந்தால் கடல். அதைவிட, பேசினால் திருப்பிப் பேச ஊர் நிறைய ஆள். போகிற எண்ணம் அவளுக்குத் துளிகூடக் கிடையாது.

அடுத்த நாளே கார் வந்தது. பேக்கி ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார், நோயாளிக்குத் துணை வந்தவரைப் போல.

டிம்ப்னா முதலில் எதையும் கழற்றவில்லை. கேட்டாள். இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்துக் கேட்டாள். "மிதிக்க மிதிக்க ஒரு சத்தம் ஒப்பாரி மாதிரி ஏறுது பாருங்க, அது டைனமோ. அதுக்கு அடியில படபடன்னு பொரியுதே, அது பிளக். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசறாங்க. ஒவ்வொருத்தரா வாயை மூடணும்."

டைனமோவுக்கு ஒரு கண்டென்சரைக் கட்டினாள், ஒப்பாரி நின்றது. பிளக் ஒயர்களுக்கு இரைச்சலை அடக்கும் மூடிகளைப் போட்டாள். பானெட்டின் துருவைச் சுரண்டிவிட்டு, அதை பாடியோடு சேர்த்து ஒரு பட்டை ஒயரால் எர்த் கொடுத்தாள், பொரிதலும் நின்றது. கொட்டகைக்குள் ரேடியோ குழந்தைப் பாடகர் குழு மாதிரி பாடியது. பேக்கி தொப்பியைக் கழற்றப் போய், நினைவு வந்து மறுபடி அழுத்திக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே ஆள் வாசலில் நின்றார். "வீட்டுக்குக் கொண்டு போனதும் டக்கு டக்குன்னு அடிக்குது. இன்ஜினை அணைச்சாலும் அடிக்குது. மோசி சொல்றான், நீ கை வெச்சதுல வந்த வினைன்னு."

"இன்ஜினை அணைச்சும் அடிக்குதா? அப்ப காருக்கு நோவு இல்ல. வீட்டுக்குத்தான் நோவு. நடங்க."

போய்ப் பார்த்தால், மாடு தாண்டாமல் இருக்கப் பேக்கியே கட்டிய மின்வேலி, ஆளுயரம் வளர்ந்த காஞ்சொறிச் செடிக்குள் புதைந்து கிடந்தது. வேலியில் துடிப்பு ஓடும் ஒவ்வொரு தடவையும் செடியில் ஒரு பொறி. ரேடியோவில் ஒரு டக்கு. டிம்ப்னா அரிவாளை வாங்கி அத்தனையையும் அறுத்துத் தள்ளினாள். டக்கு போயிற்று. கார் ரேடியோவைச் சரிபண்ண அரிவாள் எடுத்த மெக்கானிக் இந்தத் தீவிலேயே அவள் ஒருத்திதான். அறுத்த காஞ்சொறியை வடக்கே ஏழு ஊர் சூப் வைத்துக் குடித்தது என்று அவள் பிற்பாடு சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஞாயிறு வந்தது. டப்ளினுக்குப் போகாதவர்கள் எல்லோரும் கடற்கரையில். கடலைப் பார்த்து மூக்கை நீட்டி வரிசையாகக் கார்கள், கதவெல்லாம் விரியத் திறந்து, பிளாஸ்கில் டீ, பன்றித் தொடை வைத்த ரொட்டி, முன்சீட்டில் அப்பா, பின்சீட்டில் சண்டை. எல்லாக் கார்களின் ஏரியல் கம்பியிலும் மாவட்ட நிற ரிப்பன். நடுவே, நல்ல மேட்டில், பேக்கியின் கார். பக்கத்தில் அவர் மனைவி அட்ராக்டா, ஜெபமாலையோடு. அதற்கடுத்து மோசி, புத்தம்புது ரேடியோவோடு.

ஆட்டம் தொடங்கியது. வர்ணனையாளரின் குரல் தெளிவாக வந்தது. டிம்ப்னா கார்மேல் சாய்ந்து, தனக்கே மாலை போட்டமாதிரி நின்றாள். அப்போது கடலிலிருந்து காற்று எழும்பியது. ரேடியோ துணியைக் கிழிப்பதுபோலக் கிழிந்தது.

"...லில்லிஸ் முன்னால் வருகி... கர்ர்ர்... கோ... கர்ர்ர்..."

"கோலா? யாருக்குக் கோல்?" பேக்கி டேஷ்போர்டைக் குத்தினார். "எம் பையன் விட்டுட்டானா?"

"விட்டுட்டான் பேக்கி" என்று பக்கத்துக் காரிலிருந்து மோசி குரல் கொடுத்தார். "இங்க மணி மாதிரி கேக்குது. ஏம்மா டிம்ப்னா, கப்பலுக்குத் துணிமணி எடுத்து வெச்சாச்சா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. தன் காரில் பேக்கிக்குக் கேட்காவிட்டால் ஆட்டம் போச்சு என்று உள்ளூர நம்புகிறவர்கள் அவர்கள். டிம்ப்னாவுக்கு வாய் உலர்ந்தது. வாய் உலர்ந்தால் அவள் கை வேலை செய்யும்.

"எல்லாரும் இன்ஜினை அணைங்க!" என்று கத்தினாள். "ஒருத்தர் விடாம! மோசி, உங்களையும் சேத்துத்தான்!"

"எதுக்கு? என் பேட்டரி கொஞ்சம்..."

"அணைங்க மோசி!" என்று வரிசையே கத்தியது. அணைத்தார். கிழிசல் நிற்கவில்லை. அப்படியானால் மற்றவர் இன்ஜின் காரணமில்லை. ரேடியோவின் பின்னால் கையை விட்டு ஏரியல் ஒயரைப் பிடுங்கினாள். சத்தம் துப்புரவாக அடங்கியது. மறுபடி சொருகினாள், கிழிந்தது. அப்படியானால் வியாதி உள்ளே இல்லை, ஏரியல் வழியாக வெளியிலிருந்து வருகிறது. மின்வேலியா என்றால், வேலி ஒரே தாளத்தில் அடிக்கும். இதற்குத் தாளமே இல்லை. நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது.

வெளியே வந்து ஏரியலையே பார்த்து நின்றாள். காற்று தணிந்தது, ரேடியோ பேசியது. காற்று எழுந்தது, ரிப்பன் படபடத்தது, ரேடியோ கிழிந்தது.

ரிப்பன் கொத்துக்குள் கையை விட்டாள். அடியில் சின்ன பித்தளைச் சங்கிலி. அதன் நுனியில் ஒரு மாதா பதக்கம். காற்றடிக்கும்போதெல்லாம் ஆடி, காரின் இரும்பில் போய் இடித்துக்கொண்டிருந்தது. இடிக்கும் ஒவ்வொரு முறையும் ஏரியலில் வந்த குரல் முழுவதும் சங்கிலி வழியே இரும்பில் இறங்கிக் காணாமல் போனது.

"இதை யார் கட்டுனது?"

"நான்தான்" என்றாள் அட்ராக்டா. "காலைல பூசைல சாமியார் மந்திரிச்சுக் குடுத்தது."

"கழட்டுங்க."

அட்ராக்டா ஏரியலுக்கும் அவளுக்கும் நடுவே வந்து நின்றாள். "கழட்டுவியா? அங்க எம் பிள்ளை கோல்ல நிக்கிறான். நீ இங்க மாதாவைக் கழட்டுவியா?"

"தொடாத டிம்ப்னா" என்றார் பேக்கியும் காருக்குள்ளிருந்து. "தோத்தா உன் தலையிலதான் விழும்."

"மாதாவால சத்தம் வருதுங்கிறாளே, கேட்டீங்களா!" என்றார் மோசி. வரிசையில் முணுமுணுப்பு ஓடியது. ரேடியோ இல்லாமல் தோற்றாலும் இந்த ஊர் மன்னிக்கும். மந்திரித்த பதக்கத்தைக் கழற்றியபின் தோற்றால், அவளுக்குக் கப்பல்கூடக் கிடைக்காது, நீந்தித்தான் போக வேண்டும்.

டிம்ப்னா சுற்றுமுற்றும் பார்த்தாள். இரண்டு கார் தள்ளி ஒருத்தி கைக்குழந்தைக்குப் பால் புட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள். டிம்ப்னா ஓடினாள்.

"அந்த ரப்பரைக் குடு."

"ஐயோ, பிள்ளை குடிச்சிட்டிருக்கு!"

"பிள்ளை நாளைக்கும் குடிக்கும். இறுதி ஆட்டம் நாளைக்கு வராது."

ரப்பர் காம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து, பதக்கத்தை அதற்குள் நுழைத்து, வாயை ரிப்பனால் இறுக்கிக் கட்டினாள். "மாதா இருக்கிற இடத்துலேயே இருக்கட்டும் அட்ராக்டா. காத்தடிக்குதுல்ல, ஒரு கோட்டு போட்டு விட்டிருக்கேன்."

அட்ராக்டா குனிந்து பார்த்தாள். "குளிருக்கு நல்லதுதான்" என்றாள்.

காற்று முழு பலத்தோடு வீசியது. ரிப்பன் படபடத்தது. ரப்பர் போட்ட மாதா மெத்து மெத்தென்று இரும்பில் இடித்தாள். ரேடியோவில் வர்ணனையாளர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கடற்கரையில் மிச்சமிருந்த ஒரே இரைச்சல் பால் பறிபோன குழந்தையுடையது.

"அதையும் நிறுத்தேன்!" என்றார் பேக்கி.

"அதுக்குக் கண்டென்சர் இல்ல."

ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் மோசியின் புது ரேடியோ முனகி, மங்கி, அடங்கிவிட்டது. இன்ஜினை அணைத்ததில் கிழட்டுப் பேட்டரி உயிரை விட்டிருந்தது. ஒரு நிமிஷம் அவர் கௌரவம் பார்த்தார். பிறகு இறங்கி வந்து பேக்கியின் ஜன்னலில் தலையை நுழைத்தார். அவருக்குப் பின்னால் வரிசையே வந்தது. ஊர் முழுக்க ஒரு காரைச் சுற்றி.

எங்கள் அணிக்கு ஒரே ஒரு புள்ளி முன்னணி. எதிரணிக்குக் கோலுக்கு நேர் எதிரே தண்டனை அடி.

"கோல் கோட்டில் லில்லிஸ் நிற்கிறார்" என்றார் வர்ணனையாளர். "எதிரணி ஆட்டக்காரர் பந்தைத் தூக்குகிறார், அடிக்கிறார்..."

மட்டையில் பந்து பட்ட சத்தம் கடற்கரையில் கேட்டது. பிறகு இன்னொரு மட்டையில் பட்ட சத்தம்.

"தடுத்துவிட்டார் லில்லிஸ்! தடுத்துவிட்டார்! ஆட்டம் முடிந்தது!"

பேக்கி எழுந்த வேகத்தில் தலை கூரையில் இடித்தது. தொப்பி இருந்ததால் தப்பித்தார். அட்ராக்டா கணவனை விட்டுவிட்டு டிம்ப்னாவைக் கட்டிக்கொண்டாள். யாரோ பிளாஸ்க் டீயை வானத்தில் வீசினார்கள். எல்லாக் கார்களும் ஹாரனை அழுத்தின, மோசியுடையதைத் தவிர.

"ரெண்டு மட்டை சத்தமும் கேட்டுச்சு" என்று பேக்கி அழுதுகொண்டே எல்லோரிடமும் சொன்னார். "எம் பையன் மட்டை சத்தம், டப்ளின்லேருந்து!"

"பந்துக்கு வேர்த்துச்சா?" என்றார் மோசி, விட மனசில்லாமல்.

"பந்துக்கு இல்ல, உங்களுக்குத்தான் வேர்க்குது" என்றாள் டிம்ப்னா.

மறுநாள் மீன் கொட்டகை வாசலிலிருந்து கோயில் முனைவரை கார்கள். ஒவ்வொருவரும் தன் ரேடியோவில் இத்தனை நாள் இல்லாத ஒரு இரைச்சலைக் கண்டுபிடித்துக் கொண்டு வந்திருந்தார். வரிசையின் வாலில், டிராக்டர் கட்டி இழுக்க, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு மோசி ஹெஹிர் வந்துகொண்டிருந்தார். டிம்ப்னா வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து, வரிசையை முழுக்க ஒருமுறை ரசித்துப் பார்த்தாள்.

"அவசரப்படாதீங்க மோசி, சாயங்காலத்துக்குள்ள உங்க முறை வந்துடும்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, முதல் காரின் பானெட்டைத் தூக்கினாள்.