தகப்பனார் பேரு கேட்டவர்

எங்கள் கிணறுகளை வற்றடித்த கல்குவாரியை மூடச் சொல்லி, திண்டுக்கல்லில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தோம். ஒட்டன்சத்திரத்து விவசாயி என்று ஒருவர் வந்து சேர்ந்தார். நரைத்த மீசை, அழுக்கு வேட்டி. யாரைப் பார்த்தாலும், "உங்க பேருங்க? தகப்பனார் பேருங்க?" என்று கேட்பார். போலீஸ்தான் அப்படிச் சேர்த்துக் கேட்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எங்களைக் கைது செய்தபோது ஸ்டேஷனில் அவர் காக்கியில் நின்றார். பந்தலில் சமைத்த அக்கா கத்தினார்: "ஏய்யா, இம்புட்டு நாளு எங்க கஞ்சியக் குடிச்சுப்புட்டு எங்களையே பிடிக்கிறியா?"

"கஞ்சி நல்லாத்தான் இருந்துச்சுக்கா" என்றார், வெட்கமே இல்லாமல்.

ஜாமீனில் வந்து மறுபடி உட்கார்ந்தோம். தன் கிணறும் வற்றிவிட்டது என்று வேறொருவர் வந்தார். "நானும் உக்காரவா, அப்பு?" என்று கேட்டார். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. செத்த நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.