இடப்பக்கக் கதவுக்கு போர்டு கிடையாது

வேலு மாமா போய்விட்டார்... இன்று காலை, சிம்பாங் அம்பாட் வீட்டிலேயே. அவர் மகள் போன் செய்தபோது நான் ஆபீஸ் கேன்டீனில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

என் அப்பாவின் லோரியில் பதினொரு வருஷம் கெலிண்டானாக இருந்தவர். அப்பா ஓட்டுவார், இடப்பக்க சீட்டில் மாமா. மூட்டை இறக்குவது, ரிவர்ஸ் எடுக்கும்போது கதவைத் தட்டிக் குரல் கொடுப்பது எல்லாம் அவர்தான்.

அப்பா இறந்தபின் அந்த லோரியைத் தேடிப் பிடித்தேன். நிபோங் திபாலில், ஒரு செம்பனைத் தோட்டத்தோரம் கிடந்தது. ஜுருவில் ஒரு பட்டறைக்கு இழுத்து வந்து ரெஸ்டோர் செய்ய ஆரம்பித்தேன்.

வெளியே துரு. உள்ளே அதைவிட மோசம்... கேபின் தகரத்தை உள்பக்கம் மூடும் போர்டுகளில் எது இருந்தது, எது காணோம் என்றே தெரியவில்லை. வெறும் தகரமும் ஸ்க்ரூ ஓட்டைகளும்தான். இன்டர்நெட்டில் பார்த்தால் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி.

கடைசியில் மாமாவைக் கூட்டி வந்தேன். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்து, தடவித் தடவிச் சொன்னார்.

"இங்க காலுகிட்ட அட்டை பாப்பா, தகரம் இல்ல. மழ பேஞ்சா ஊறிப் போயிரும். தலைக்கு மேல ஒரு போர்டு. அந்த இடுக்குலதான் உங்கப்பா டெலிவரி ஆர்டர் சொருகி வைப்பாரு."

நாற்பத்து மூன்று வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட மிச்சமிருந்த ஒரே ஆள்.

அவர் சொன்னதெல்லாம் பொருந்தியது. இடப்பக்கக் கதவில்தான் தகராறு. "இங்க ஒண்ணும் கெடையாது" என்றார்.

"சுத்தி கிளிப் ஓட்டை இருக்கே மாமா? அந்தப் பக்கக் கதவுல போர்டு உண்டுன்னு சொன்னீங்களே?"

"ஜன்னல் கண்ணாடி கதவுக்குள்ள விழுந்துகிட்டே இருந்துச்சு லா. நான் கைய விட்டுத் தள்ளி ஏத்துவேன். அதான் உங்கப்பா போர்ட கழட்டிப் போட்டுட்டாரு."

வயசாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்து அச்சு அசலாக ஒரு போர்டு வரவழைத்து மாட்டினேன்.

மாமா வந்து தடவிப் பார்த்தார். "நல்லாருக்கு பாப்பா... ஆனா நம்ம லோரி மாதிரி இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நீங்களே செஞ்சுக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அதன்பின் இரண்டு மாதம் அவரைக் கூப்பிடவில்லை. லோரி ஓட ஆரம்பித்தால் முதல் சவாரி அவருக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். போன வாரமே ஓட ஆரம்பித்துவிட்டது... அப்போதும் கூப்பிடவில்லை.

இன்று மதியம் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு, பாலம் தாண்டி நேராக ஜுரு போனேன். அந்த போர்டைக் கழற்றினேன். மறையும் இடம்தானே என்று அங்கே மட்டும் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருந்தேன்.

மாமாவின் முட்டி படும் இடத்தில் பழைய நீலப் பெயிண்ட் தேய்ந்து, தகரம் வழவழவென்று இருந்தது. கை நுழையும் ஓட்டையின் விளிம்பைச் சுற்றி டயர் டியூபை வெட்டி ஒட்டியிருந்தது... மாமாவின் கையைத் தகரம் கிழிக்காமல் இருக்க. அப்பா செய்த வேலை.

இதெல்லாம் நான் முன்பே பார்த்ததுதான். ஏதோ பழைய ரப்பர் என்று நினைத்தேன். பாவி...

மன்னிச்சிருங்க மாமா.

நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கிறார்களாம். பாப்பா வந்துடுறேன்... நம்ம லோரியிலதான். கதவுல போர்டு இல்ல.