படிக்குப் படி மஞ்சள்

பார்வை மங்கியதிலிருந்து சமதரையிலேயே எனக்கு உடம்பு ஆடும். விழுந்து கைகூட முறிந்திருக்கிறது. அப்படியும் வீம்பாகத் திருமலைக்கு நடந்தே கிளம்பினேன். படிகள் எல்லாம் ஒரே சாம்பல் சரிவாகத் தெரிந்தன.

முன்னே ஒரு பெண் வேண்டுதலுக்காகப் படிதோறும் மஞ்சள் பொட்டு வைத்துக்கொண்டே ஏறினாள். அதைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன்.

"ஏன்க்கா, என் பின்னாலயே வந்துக்கினு இருக்கியே? முன்னால போயேன்."

"கண்ணு சரியா தெரியலம்மா. உன் மஞ்சள வச்சுதான் படி தெரியுது."

அடுத்த படியில் அவள் பொட்டுக்குப் பதிலாக, அகலம் முழுக்க மஞ்சளை இழுத்துப் பூசினாள். அதற்கடுத்த படியிலும் அப்படியே. மஞ்சள் தீர்ந்ததும் வழிக்கடையில் வாங்கிக்கொண்டாள். உச்சிவரை நான் தடுமாறவே இல்லை.

சன்னதியில் சாமி மங்கலாகத்தான் தெரிந்தார். கைகூப்பியபோது கண்ணுக்குள் நின்றது அந்த மஞ்சள் கோடுதான்.