அம்மா சொன்ன ‘மாத்தணும்’

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் படிக்கட்டில் ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் காத்திருக்க வேண்டும். அந்தக் குறுகல் படியிலும் பாதியை அத்தாவின் லிஃப்ட் பிடித்துக்கொண்டிருந்தது. சுவரோரமாக ஓர் இரும்புத் தண்டவாளம், அதன்மேல் மெல்ல ஊர்ந்து மாடிக்குப் போகும் ஒரு நாற்காலி. என்னைப் பெற்றவருக்குப் பக்கவாதம் வந்தபின் நான் வாங்கியது. அவர் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு எனக்கு அதைக் கண்ணெடுத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அம்மாவின் கட்டில் மாடியில். முட்டி தேய்ந்துவிட்டது, காக்கநாட்டுக்கு என்னோடு வந்துவிடு என்றால் வரமாட்டாள். கீழேயாவது படு என்றால், தன் கட்டிலை விட்டால் தூக்கம் வராது என்பாள். இதை வைத்து எங்களுக்குள் சண்டை நடக்காத வாரம் இல்லை.

ஒரு நாள் போனில் அவளே ஆரம்பித்தாள். “அந்த லிஃப்ட மாத்தணும் புள்ள. பாதிப் படியில நின்னுபோயி வழிய மறிச்சுக்கிட்டு கெடக்கு.”

“மாத்தித் தரேம்மா,” என்றேன். ஒருவழியாக எடுத்துவிடச் சொல்லிவிட்டாளே என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது. அது போனால் படி அகலமாகும், சுவரில் நல்ல கைப்பிடி வைத்துவிடலாம், அம்மா பிடித்துக்கொண்டு ஏறுவாள் என்று கணக்குப் போட்டேன்.

விற்ற கம்பெனி திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டது. பழைய லிஃப்ட் வேண்டும் என்று வேறு யாரும் வரவில்லை. கடைசியில் பள்ளுருத்தியிலிருந்து ஒரு ஆக்ரிக்காரரைப் பிடித்தேன். பழைய இரும்பு எடுக்கிறவர், மதுரைப் பக்கம். மோட்டாரையும் பேட்டரியையும் கழற்றி வைத்துவிட்டு அவர் தண்டவாளத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“இவ்ளோ நீளம் வண்டியில கொள்ளாதுக்கா. அறுத்துக்கட்டுமா?”

“அறுங்க அண்ணே,” என்றேன்.

அம்மா அன்று ரொம்ப உற்சாகமாக இருந்தாள். அவருக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள். சுவர் பேந்துவிடாமல் பார்த்து எடு தம்பி என்று கூடவே நின்றாள். அழுவாள் என்று பயந்திருந்த எனக்கு அது நிம்மதியாகவும், கொஞ்சம் எரிச்சலாகவும்கூட இருந்தது.

வண்டி தெருமுனையைத் தாண்டியதும் கேட்டாள்: “புதுசு எப்போ கொண்டாருவாங்க? இன்னைக்கேவா?”

“எந்தப் புதுசு?”

“நீதானடி மாத்தித் தரேன்னு சொன்ன.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா கம்பம் என்ற தமிழ் ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவளுக்கு மாற்றுவது என்றால் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வைப்பது. நான் இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இங்கே மலையாளத்தில் ‘மாற்றணம்’ என்றால் அந்த இடத்தை விட்டு அகற்றுவதும்தான். எங்கள் வீட்டுப் பேச்சில் எந்தச் சொல் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று யார் பார்த்தார்கள்?

“நீ அதுல ஏறுனியாம்மா?”

“நின்னுபோற வரைக்கும் தெனமும் அதுலதான் ஏறுனேன். அவருக்கு வாங்குனதுல நான் உக்காந்து போனா நீ கேலி பண்ணுவேன்னு சொல்லல.” தண்டவாளம் இருந்த சுவரைத் தடவிப் பார்த்தாள். “அவருக்கு மட்டும் மேல போறதுக்கு வண்டி வாங்கிக் குடுத்த. நான் மட்டும் நடந்தே போகணுமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு என்னால் முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாளைக்கே புதியது சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். நான் பின்னால் கையை நீட்டியபடி போனேன். பாதியில் நின்றாள். மூச்சு வாங்கியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“சரி, புதுசு வர்ற வரைக்கும் கீழயே படுத்துக்கறேன். மேல போய் என் தலகாணிய எடுத்துட்டு வா.”

எத்தனை சண்டை போட்டும் என்னால் வாங்க முடியாத சம்மதம் அது. கிடைத்தபோது வேண்டாம் போலிருந்தது.

அவளைத் தாண்டி மாடிக்குப் போனேன். கட்டிலில் தலையணைகள் இரண்டும் உறை மாற்றி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எது அவளுடையது, எது அத்தாவுடையது என்று எனக்குத் தெரியவில்லை. கீழே கூப்பிட்டுக் கேட்கவும் மனம் வரவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.