விலக்கப்பட்ட ஓட்டுநர்

டெல்மர் வாஸ் இருபத்தாறு வருஷம் மாட்டு லாரி ஓட்டியவன். அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் மணல்மேடுகளுக்கு நடுவே, பனிக்காற்றிலும் நாற்பது மாடுகளை ஏற்றிப் போய் ஒன்றுக்குக்கூடக் கால் பிசகாமல் சந்தையில் இறக்கிவிடுவான். அவன் கைப்பக்குவத்தை ஊரே மெச்சும். குடியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

குடித்துவிட்டு ஓட்டி முதல் தடவை பிடிபட்டபோது நீதிபதி எச்சரித்து விட்டார். இரண்டாவது தடவை தப்பவில்லை. தம்பியின் பண்ணையில் கன்றுகளுக்குச் சூடு போட்ட நாள். மதியச் சாப்பாட்டோடு பீரும் விஸ்கியும் உள்ளே போயின. திரும்பும் வழியில் நாற்சந்தியில் நிற்காமல் போய், பள்ளி நூலகர் இர்மாவின் காரில் மோதினான். இர்மாவுக்குத் தோள்பட்டை முறிந்தது. அவனுடைய வண்டி நொறுங்கிப் போயிற்று. லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குப் போனது. வேலையும் போனது.

அடுத்த மாதம் அவன் மனைவி லோர்னாவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அப்படிப்பட்ட ஆள் வீட்டில் இருக்கும்போது, அவன் பெயரை விலக்கி எழுதிக் கொடுத்தால்தான் அவளுடைய காருக்கு இன்சூரன்ஸ் உண்டாம். லோர்னா கையெழுத்திட்டுத் தாளை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“இனிமே என் காரை நீ ஓட்டக்கூடாதாம்” என்றாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவனுக்கு.

அன்றோடு குடியை விட்டான். மறு வருஷம் ஏப்ரலில் தடைக்காலம் முடிந்தது. ஆனால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால், இவனுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று ஒரு கம்பெனி அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று வருஷம் ஒருநாள்கூட அது அறுந்து போகக் கூடாது. இவனைப் போன்றவர்களுக்கு அந்தச் சான்று வாங்கித் தருபவள் ஊரில் ஒருத்திதான், தீவனக் கடைக்குப் பக்கத்தில் ஆபீஸ் வைத்திருந்த ஜோலீன். பள்ளியில் அவனோடு படித்தவள். இர்மாவின் அண்ணன் மகள்.

அடுத்த வாரம் போகிறேன் என்று லோர்னாவிடம் சொல்லிக்கொண்டே கோடை முழுக்கக் கடத்தினான்.

ஆகஸ்டில் ஒரு காலை, சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்த லோர்னாவின் வாய் ஒருபக்கம் கோணிற்று. கதிர் கையிலிருந்து நழுவியது. டெல்மர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். வண்டி மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கிறது, வந்துவிடும் என்றார்கள். அவன் அவளைத் தூக்கிக் காரில் சாய்த்தான். ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து சாவியையும் போட்டுவிட்டான்.

“வேணாம்… மாட்டிக்குவ” என்று குழறினாள் லோர்னா.

அவன் இறங்கிவிட்டான். அன்று அவன் ஒரு சொட்டுக் குடித்திருக்கவில்லை. சாலையில் ஒரு வண்டி இல்லை. ஆஸ்பத்திரி முப்பத்தைந்து நிமிஷத் தொலைவுதான். ஆம்புலன்ஸ் வந்து சேரவே ஐம்பது நிமிஷம் ஆயிற்று. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அந்த ஐம்பது நிமிஷம் முன்னால் கொடுத்திருந்தால் இன்னும் தேறியிருப்பாள் என்றார் டாக்டர். லோர்னாவின் வலது கையும் காலும் பழையபடி திரும்பவே இல்லை.

மறுவாரம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஜோலீன் முன்னால் போய் நின்றான். எத்தனை தடவை பிடிபட்டாய், யாருக்காவது காயமா என்று ஃபாரத்தில் இருந்ததை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான்.

“உங்க அத்தைக்கு இப்ப…” என்று இழுத்தான்.

“தோள் சேந்துடுச்சு. குளிருக்கு வலிக்குதும்பாங்க.” அவள் தலை நிமிரவில்லை. “ஏப்ரல்லயே நீ வருவேன்னு இந்த ஃபாரத்தை எடுத்து வச்சிருந்தேன், டெல்மர்.”

“வெக்கமா இருந்துச்சு.”

“இங்க வர்ற எல்லாருக்கும்தான் இருக்கு. வந்துட்டுத்தான் போறாங்க.”

அவனையும் லோர்னாவையும் ஒரே இன்சூரன்ஸில் சேர்த்துக்கொள்ள ஒரு கம்பெனி முன்வந்தது; லைசென்ஸும் திரும்பக் கிடைத்தது. லோர்னாவின் காரில், மூச்சை ஊதி, குடிக்கவில்லை என்று காட்டினால்தான் எஞ்சினைக் கிளம்பவிடும் கருவியையும் பொருத்தினார்கள். செவ்வாயும் வியாழனும் அவன்தான் ஊதிக் கிளப்பி, அவளைக் கைகால் பயிற்சிக்கு அழைத்துப் போகிறான்.

போன குளிர்காலத்தில் ஒருநாள், பாதி வழியில் அவள் சொன்னாள்: “அன்னிக்கு நான் வேணாம்னதாலதான் நீ ஓட்டாம நின்னேன்னு நெனச்சுக்காத.”

“இல்ல” என்றான். “ஏப்ரல்ல ஜோலீன்கிட்ட போகாததால நின்னேன்.”

லோர்னா இடது கையை நீட்டி ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டிவைத்தாள்.