மூன்று முறை ‘ஹவ்’

காலை எட்டு மணிக்கு வண்டி செகந்திராபாத்தில் நின்றது. சென்னையிலிருந்து ஏறக்குறைய எண்ணூறு கிலோமீட்டர் கடந்து வந்த என்னிடம் இரண்டு சொத்துகள் இருந்தன: அக்காவுக்கான அப்பளக் கட்டு, என்னுடைய ஆங்கிலம். அப்பளம் வழியிலேயே நொறுங்கிவிட்டது. ஆங்கிலம் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. தொல்லையெல்லாம் அதனால்தான்.

நிலைய வாசலில் ஒரு ரிக்‌ஷாக்காரரிடம், “மெட்டுகுடா?” என்றேன்.

“ஹவ்” என்றார்.

எப்படிப் போவதென்று என்னிடமே கேட்கிறாரே! வலப்பக்கம், இடப்பக்கம், ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று ஆங்கிலத்தில் வழி சொன்னேன். எனக்கு வழி தெரியாது என்பது வேறு விஷயம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “ஹவ், ஹவ்” என்று ஏற்றிக்கொண்டார். இரண்டு கிலோமீட்டர், ஒரு ரூபாய். அந்த ஊரில் ‘ஹவ்’ என்றால் ‘ஆமாம்’. எனக்கு இது மறுநாள்தான் தெரிந்தது. நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

அக்கா வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே நூலில் பளபளவென்று ஒரு கற்கண்டு தொங்கியது. பயணக் களைப்பு, எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

“நக்கோ மாமா!” என்று ஓடிவந்தாள் அக்கா மகள் செல்வி. நக்கோ என்றால் வேண்டாம். என் முகம் கோணிய பிறகு அதற்கு அர்த்தம் கேட்கத் தேவைப்படவில்லை. “அது படிகாரம்! மூணு வாரமா வளர்த்தேன்!”

செல்வி எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள், படிகங்கள்தான் அவள் உலகம். இங்குள்ள பல்கலைக்கழகமும் மேற்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து, அறிவியல் படித்த பெண்களை இரண்டு வருட ஆராய்ச்சிக்கு அனுப்புகின்றன. செல்வி தேர்வாகிவிட்டாள். வீட்டுப் பெரியவர் ஒருவர் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும்; அப்புறம் அப்பா கையெழுத்து. அவ்வளவுதான் பாக்கி.

அந்த அவ்வளவும் அத்தானிடம் இருந்தது; பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப அவருக்கு மனமில்லை. ரயில்வே பட்டறையில் இருபது வருஷமாக ஃபிட்டர், பூர்வீகம் திருநெல்வேலி.

“நாளைக்கு எனக்கு ஷிஃப்ட், மாப்ள. நீரு போயிட்டு வாரும். மொகத்துக்கு நேரா முடியாதுன்னு சொன்னா மரியாத இல்ல. கேள்வி கேளும். எப்படிப் போவா? எப்படித் தங்குவா? எப்படித் திரும்பி வருவா? பதில் வராது. கும்பிட்டுட்டு வந்துரும்.”

செல்வி தட்டைப் பார்த்தபடி சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு கவளம்கூட வாய்க்குப் போகவில்லை.

மறுநாள் காலை பத்தரைக்குச் செல்வியோடு போனேன். பல்கலைக்கழகத்தில் கல் கட்டிடம், உயரமான மின்விசிறி. மேசைக்குப் பின்னால் இருவர்: பாக்கு மென்றுகொண்டிருந்த ஐதராபாத் பேராசிரியை அம்மாள், பக்கத்தில் பருத்திச் சேலையைத் தாறுமாறாகச் சுற்றியிருந்த ஜெர்மன் பேராசிரியை. வருஷத்தில் இரண்டு மாதம் இங்கே வந்து பாடம் நடத்துகிறவராம்.

ஐதராபாத் அம்மாள் சிரித்துக்கொண்டே இந்தியில் ஏதோ கேட்டார். ‘ஜெர்மனி’ மட்டும் புரிந்தது. அத்தானை நினைத்துக்கொண்டு, கம்பீரமாக, “ஹவ்?” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. தாளில் ஒரு டிக். ஜெர்மன் அம்மாவோ என் ஆங்கிலக் கேள்விக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார்: பேகம்பேட் விமான நிலையத்திலிருந்து பம்பாய், அங்கிருந்து பெரிய விமானம். இறங்கும் இடத்தில் தானே வந்து நிற்பாராம்.

அடுத்த கேள்வி. “ஹவ்?” இன்னொரு டிக். பெண்கள் விடுதி, தனிச் சமையலறை, பக்கத்து அறையில் போன வருஷம் போன செகந்திராபாத் பெண்.

மூன்றாவது “ஹவ்?” டிக். திரும்பும் டிக்கெட் இப்போதே உண்டு; திரும்பி வந்து இதே கட்டிடத்தில் அவள் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்க வேண்டும், அதற்குத்தான் அனுப்புகிறோம் என்றார்.

ஐதராபாத் அம்மாள் எழுந்து என் கையில் ஓர் இனிப்பை வைத்தார். மறுக்கப் போன இடத்தில் இனிப்பா?

வெளியே வந்ததும் செல்வி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர். “மாமா, மூணு தடவ ஆமான்னு சொல்லிட்டீங்க! ஹவ்னா இங்க ஆமா!”

“நீ ஏம்மா திருத்தல?”

“கைக்கு மாமா?” என்றாள். அந்த ஊரில் ‘கைக்கு’ என்றால் ‘எதற்கு’; எதற்காகத் திருத்த வேண்டுமாம்! நியாயம்தான்.

சாயங்காலம் ஐந்தரை. கையில் கிரீஸ் கறையோடு அத்தான் உட்கார்ந்தார். “கேட்டீரா?”

“கேட்டேன் அத்தான்.”

“எப்படிப் போவாளாம்?” சொன்னேன். “எப்படித் தங்குவாளாம்?” சொன்னேன். “எப்படித் திரும்பி வருவாளாம்?” டிக்கெட்டையும் ஆய்வுக்கூடத்தையும் சொன்னேன்.

அத்தானிடம் இருந்த எப்படிகள் தீர்ந்துவிட்டன. டீயை ஆற்றி ஆற்றிப் பார்த்தார்.

“சரி, அவங்க கேட்டதுக்கு நீரு என்ன சொன்னீரு?”

“நீங்க சொன்னபடி இங்கிலீஷ்ல எப்படின்னுதான் கேட்டேன்… ஹவ்னு.”

ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், டீ பாதி லுங்கியில். “அட கூறுகெட்ட மனுஷா! இருபது வருசமா இந்த ஊர்ல இருந்தும் இந்தப் பிள்ளைட்ட என் வாயில வராத வார்த்தைவே அது!” கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். “தாளைக் கொண்டா.” என் பக்கம் திரும்பி, “பேனா இருக்கா மாப்ள?”

“ஹவ்” என்றேன். இந்த முறை தெரிந்தே.

மறுநாள் வண்டியேற்ற வந்த செல்வி ஒரு பொட்டலம் கொடுத்தாள். மேலே எழுதியிருந்தது: ‘நிஜக் கற்கண்டு. சாப்பிடலாம்.’

சென்னையில் எங்கள் தெருவில் மாற்றம் ஒன்றும் இல்லை. ‘ஆமாம்’ என்றால் ஆமாம், ‘ஹவ்’ என்றால் எப்படி. பத்தாவது படிக்கும் என் மகள் கற்கண்டைக் கடித்தபடி, செல்வி ஜெர்மனி போகிற செய்தியை மட்டும் கேட்டுவிட்டு, “அப்பா, நானும் செல்வி அக்கா மாதிரி சயன்ஸ் எடுக்கட்டுமா?” என்றாள்.

“ஹவ்” என்றேன்.

“எப்படின்னா…” என்று அவள் விரல்விட்டு விளக்க ஆரம்பித்தாள். நான் திருத்தவில்லை. கைக்கு?